மூன்று மணிக் கட்டத்தில் எழுதிய பி.பி.

வாசகர் கடிதம் – வழக்கறிஞர் பதில்

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு செவிலியர் எட்டுப் பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

வயது 26. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து, 130 படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. சம்பளம் 16,500. அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கான வார்டு. அன்று இரவு 11 நோயாளிகளுக்கு இரண்டு பேர்தான் டியூட்டி. இவரும், படிப்பை முடித்து மூன்று மாதமே ஆன, கவுன்சில் பதிவு இன்னும் கைக்கு வராத ஒரு இளைய செவிலியரும்.

இரவு 2.40-க்கு ஏழாம் படுக்கை நோயாளிக்கு இதயத் துடிப்பு நின்றுவிட்டது. டியூட்டி டாக்டரோடு சேர்ந்து இவர் மார்பை அழுத்தினார், மருந்து கொடுத்தார். 4.15 வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதே வார்டில் மூன்றாம் படுக்கையில் குடல் அறுவை முடிந்த 64 வயதுக்காரர். அவருக்கு மணிக்கொரு முறை வைட்டல்ஸ் (பி.பி., நாடி, மூச்சு) பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். 3 மணிக்கும் 4 மணிக்கும் யாரும் பார்க்கவில்லை. 5 மணிக்குப் பார்த்தபோது பி.பி. 70/40. உள்ளே ரத்தக் கசிவு. மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய், பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். சிறுநீரகம் பாதித்து இப்போது அங்கே டயாலிசிஸ் நடக்கிறது.

மூன்றாம் நாள் அந்தக் குடும்பம் கேஸ் ஷீட் நகல் கேட்டது. இன்சார்ஜ் சிஸ்டர் இவரைக் கூப்பிட்டு, "சும்மா ஒரு வேல்யூ போட்டு சைன் பண்ணும்மா, எல்லாரும் பண்றதுதான்" என்றிருக்கிறார். கேஸ் ஷீட்டின் 3 மணிக் கட்டத்தில் பி.பி. 110/70, நாடி 88, மூச்சு 18 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். 4 மணிக் கட்டத்துக்கு வந்தபோது கை ஓடவில்லை, மறுத்துவிட்டார். இப்போது மேட்ரன் (தலைமைச் செவிலியர்) சனிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்கச் சொல்கிறார். இல்லாவிட்டால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காதாம். அசல் சான்றிதழ்கள் எச்.ஆர். அலுவலகத்தில். இரண்டு வருடம் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்த பாண்டில் எட்டு மாதம் பாக்கி, நடுவில் போனால் ஒரு லட்சம் கட்ட வேண்டும். அம்மா, "ஊரோட ஒத்துப்போ, கல்யாணம் ஆகிற வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறார். இவரோ மாலை நேரத்தில் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருக்கிறார்.

கேள்விகள்: நான் ஜெயிலுக்குப் போவேனா? பதிவு ரத்தாகுமா? வேலையை விட்டுவிடலாமா? அந்தக் குடும்பத்திடம் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

சனிக்கிழமைக் கெடு இருந்ததால் சுருக்கமான பதிலை அன்றே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இது விரிவான பதில். உங்களைப் போல 'சும்மா ஒரு வேல்யூ' போடச் சொல்லப்பட்ட மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

4 மணிக் கட்டம் காலியாக இருப்பதுதான் உங்களை மாட்டிவிடும் என்று பயப்படுகிறீர்கள். 3 மணிக் கட்டம் நிரம்பியிருப்பதால் அதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. கடிதம் முழுக்க இந்த எண்ணம் ஓடுகிறது. எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. காலிக் கட்டத்துக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கிறது. நிரப்பிய கட்டத்துக்குத்தான் பதில் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ இந்த வழக்கு வந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூன்றாம் படுக்கையின் கேஸ் ஷீட்டை மட்டும் வாங்க மாட்டார். ஏழாம் படுக்கையின் உயிர்மீட்புப் பதிவையும் வரவழைக்கக் கேட்பார். அதில் 3.05-க்கு அட்ரினலின், 3.09-க்கு அட்ரினலின் என்று நிமிடக் கணக்கு இருக்கும். கொடுத்தவர் பெயர் உங்களுடையது. "சிஸ்டர், 3.05-க்கு ஏழாம் படுக்கையில் ஊசி போட்டது நீங்கள்தானே? அதே 3 மணிக்கு மூன்றாம் படுக்கையில் பி.பி. பார்த்ததும் நீங்கள்தானா?" இந்த இரண்டாவது கேள்விக்கு நீங்கள் என்ன சொன்னாலும் சிக்கல். ஆமாம் என்றால் ஒரு பதிவு பொய். இல்லை என்றால் மற்றது பொய். 4 மணிக் கட்டத்தைப் பற்றிக் கேட்டால்? "ஏழாம் படுக்கையில் இருந்தேன், அதனால் பார்க்க முடியவில்லை." அதே உயிர்மீட்புப் பதிவு உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

இதோடு முடியாது. மானிட்டரின் நினைவில் நாடியும் சேச்சுரேஷனும் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) சில நாட்களுக்கு நிற்கும். வராந்தாவில் சி.சி.டி.வி. இருக்கும். 5 மணிக்குப் பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு காகிதம் இருக்கும். அதைப் பார்க்கும் நிபுணர், இரண்டு மணி நேரத்துக்கு முன் நாடி 88 என்பது நம்பும்படி இருக்கிறதா என்று கேட்பார். மூச்சு எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 18, 18, 18 என்று வரிசையாக எழுதிய கேஸ் ஷீட் கண்ணில் பட்டாலே எங்களைப் போன்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். எண்ணாமல் போடுகிற எண் அது. உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாததல்ல.

"மேலே இருப்பவர்கள் சொல்லித்தானே எழுதினேன்"

இந்த வரி உங்கள் கடிதத்தில் நான்கு இடத்தில் வருகிறது. பயத்தில் எழுதினீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் சட்டத்தில் இது பாதி உதவிதான் செய்யும். இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னார் என்பது அவரையும் பொறுப்பாளி ஆக்கும், உங்களை விடுவிக்காது. கையெழுத்து உங்களுடையது. நாளைக்கு அவர், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று சொல்லிவிட்டால் உங்கள் கையில் காகிதம் ஒன்றும் இல்லை. வாய்மொழி உத்தரவின் இயல்பே அது. மேட்ரன் இதுவரை வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட அனுப்பவில்லை, நேரில் கூப்பிட்டுத்தான் பேசுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணத்தை யோசித்துப் பாருங்கள்.

செவிலியர்களுக்கான தொழில் நெறிகளும் இதையேதான் சொல்கின்றன. சர்வதேச செவிலியர் பேரவை 1953-ல் முதன்முதலாக ஏற்று, கடைசியாக 2021-ல் திருத்திய நெறிமுறையும் சரி, இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறிமுறையும் சரி, தன் பணிக்குச் செவிலியர் தாமே பொறுப்பு என்பதில் தெளிவாக இருக்கின்றன. நர்சிங் முதல் வருடத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோகிற பகுதி அது. உங்கள் கை 4 மணிக் கட்டத்தில் நின்றதே, அங்கே அது ஞாபகத்துக்கு வந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

இனி கேஸ் ஷீட்டைத் தொடாதீர்கள்

சாதாரண நாளில், விட்டுப்போன பதிவை நேர்மையாகச் சேர்க்க வழி இருக்கிறது. 'தாமதப் பதிவு' என்று தலைப்பிட்டு, எழுதுகிற நேரத்தையே போட்டு, 3 மணிக்குப் பார்க்கவில்லை, காரணம் இது என்று எழுதிக் கையெழுத்திடலாம். தவறான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போடலாம். வொயிட்னர் கூடாது, மேலெழுத்துக் கூடாது, தாளைக் கிழித்து மறுபடி எழுதக் கூடாது. இதெல்லாம் உங்களுக்குப் பாடத்திலேயே உண்டு.

ஆனால் இப்போது நிலைமை வேறு. குடும்பம் நகல் கேட்டுவிட்டது. வழக்கு வரக்கூடிய சூழ்நிலை. இந்த நேரத்தில் 3 மணிக் கட்டத்தை நல்லெண்ணத்தோடு அடித்துத் திருத்தினால்கூட, "கேட்ட பிறகு கைவைத்தார்கள்" என்ற பேச்சு வரும். ஆகவே பொய்யும் எழுத வேண்டாம், திருத்தவும் வேண்டாம். தனியாக ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்கள். மருத்துவக் கண்காணிப்பாளருக்கும் மேட்ரனுக்கும் முகவரியிட்டு, அரைப் பக்கத்துக்கு மிகாமல். கிட்டத்தட்ட இப்படி:

"இந்தத் தேதி இரவுப் பணியில் இருந்தேன். 2.40 முதல் 4.15 வரை ஏழாம் படுக்கை நோயாளியின் உயிர்மீட்புச் சிகிச்சையில் இருந்ததால், மூன்றாம் படுக்கை நோயாளிக்கு 3 மணி, 4 மணி வைட்டல்ஸ் நான் பார்க்கவில்லை. 2.50-க்கும் 3.20-க்கும் நைட் சூப்பர்வைசரை இன்டர்காமில் அழைத்து ஆள் கேட்டேன், யாரும் வரவில்லை. மூன்றாம் படுக்கை மானிட்டரின் அலாரம் ஒலியை இரவு 11 மணி அளவில் நான் குறைத்திருந்தேன். கேஸ் ஷீட்டில் 3 மணிக்கு உள்ள எண்கள் அளந்தவை அல்ல. மூன்றாம் நாள் இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னதன்பேரில் நான் எழுதியவை. 4 மணிக் கட்டத்தை நிரப்ப எனக்கு இயலாது. இந்தக் கடிதத்தைக் கேஸ் ஷீட்டோடு இணைத்து வைக்கவும், மானிட்டர் பதிவையும் இன்டர்காம் பதிவையும் பாதுகாக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

அலாரம் பற்றிய வரியைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பீர்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர்கள் தூக்கம் கெடுகிறது என்று சத்தம் போட்டதால் ஒலியைக் குறைத்ததாக நீங்கள்தான் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால், பின்னால் அது வேறு யார் வாயிலிருந்தாவது வரும். அப்போது மீதி உண்மையும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். "குறைக்கப்பட்டது" என்று யார் செய்தது தெரியாத மாதிரி எழுதாதீர்கள். "குறைத்தேன்" என்றே எழுதுங்கள்.

அதேபோல, உங்களுக்குச் சாதகமான மிக முக்கியமான விஷயத்தை ஆறாம் பக்கத்தில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நைட் சூப்பர்வைசரை இரண்டு தடவை இன்டர்காமில் கூப்பிட்டது. இதை ஏன் இப்படிச் சாதாரணமாக எழுதினீர்கள் என்று தெரியவில்லை. இருந்த இடத்திலிருந்து ஒரு செவிலியரால் என்ன செய்ய முடியுமோ அதைத்தான் செய்திருக்கிறீர்கள். பல மருத்துவமனை இன்டர்காம்களில் எந்த வார்டிலிருந்து எந்த எண்ணுக்கு எப்போது அழைப்பு போனது என்ற பதிவு இருக்கும்.

இந்தக் கடிதத்தில் ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன். அளக்காத எண்ணை எழுதியதை நீங்களே கைப்பட ஒப்புக்கொள்கிறீர்கள். அதனால் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞர் ஒரு முறை பார்க்கட்டும். இருந்தாலும் மற்றவர்கள் கண்டுபிடிக்கும் முன் தாமாகச் சொன்னவரையும், குறுக்கு விசாரணையில் பிடிபட்டவரையும் யாரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. கடிதம் கொடுத்ததற்கு நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். வாங்க மறுத்தால் உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பிவிட்டு, ஒப்புகை பெறும் தபாலிலும் அனுப்புங்கள்.

இன்னொன்று. கேஸ் ஷீட்டை மொபைலில் படம் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை நர்ஸ்கள் குரூப்பில் போட வேண்டாம். யூடியூப் சேனல்காரருக்கு அனுப்பவே வேண்டாம். அது நோயாளியின் ரகசியம். வெளியிட்டால் இதுவரை இல்லாத ஒரு குற்றச்சாட்டை நீங்களே அவர்கள் கையில் கொடுத்ததாகும். பயந்துபோய் அழிக்கவும் வேண்டாம். வழக்கறிஞரிடம் காட்டும்வரை அப்படியே இருக்கட்டும்.

ஜெயிலுக்குப் போவேனா?

போகிற வாய்ப்பு குறைவு. ஆனால் உங்கள் தோழி சொன்ன காரணத்துக்காக அல்ல. "டாக்டர்களுக்குப் புதுச் சட்டத்தில் தண்டனையைக் குறைத்துவிட்டார்கள், நமக்கும் அதேதான்" என்று அவர் சொல்லியிருக்கிறார். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் இரண்டு ஆண்டு வரை. மருத்துவர் யார் என்பதற்கு, தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்றுப் பதிவானவர் என்று அங்கேயே விளக்கம் இருக்கிறது. செவிலியர் அதில் வர மாட்டார். நோயாளியின் தலைமாட்டில் அதிக நேரம் நிற்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் நோயாளி உயிரோடு இருக்கிறார், அதனால் 106 இப்போது எழவில்லை. அலட்சியத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம் என்ற 125-ஆம் பிரிவைச் சேர்த்து யாராவது புகார் தரலாம். அங்கேதான் உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொன்னது உதவுகிறது. சிகிச்சையில் நடக்கிற ஒவ்வொரு தவறும் குற்றமாகிவிடாது. குற்ற வழக்குக்குப் பெருங்கவனக்குறைவு வேண்டும். சுயேச்சையான மருத்துவக் கருத்துப் பெறாமல் விசாரணை அதிகாரி நடவடிக்கையில் இறங்கக் கூடாது, வழக்கமான பாணியில் கைது செய்யவும் கூடாது. அந்தத் தீர்ப்பு மருத்துவர்களை முன்வைத்துப் பேசுகிறது. அதே அளவுகோலைச் செவிலியருக்காகவும் நாங்கள் வாதிடுகிறோம். ஒரு உயிரைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்ததால் இன்னொரு படுக்கைக்குப் போக முடியாததைப் பெருங்கவனக்குறைவு என்று நிறுவுவது எளிதல்ல.

பொய்ப் பதிவு வேறு வகை. ஏமாற்றும் நோக்கத்தோடு ஆவணத்தைப் புனைந்தால் 336-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நோக்கம் என்ன என்பதுதான் அங்கே கேள்வி. 3 மணிக் கட்டத்தில் எழுதியதை மிரட்சி என்று சொல்லலாம். பத்து நாள் யோசித்து, கெடு வைத்துக்கொண்டு 4 மணிக் கட்டத்தையும் நிரப்பினால் அப்படிச் சொல்ல எனக்கே வாய் வராது.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலும் மருத்துவமனைதான் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங் மெடோஸ் வழக்கு என்று ஒன்று உண்டு. டெல்லியில் டைபாய்டு காய்ச்சலுக்குச் சேர்த்த ஒரு குழந்தைக்கு நர்ஸ் ஒருவர் தவறாக ஊசி போட்டு, குழந்தையின் மூளை நிரந்தரமாகப் பாதித்தது. அந்த நர்ஸ் முறையான தகுதி பெற்றவரே இல்லை. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் என்ற இழப்பீட்டை 1998-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பணியாளர் செய்ததற்கு மருத்துவமனை பொறுப்பு என்பது அதில் தெளிவு. உங்கள் வார்டிலும் பதிவு கைக்கு வராத ஒருவரை நம்பி எட்டுப் பத்து நோயாளிகளை விட்டிருந்தார்கள். காலிக் கட்டத்தை நிரப்ப மேட்ரன் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்பது இப்போது புரியும். உங்களைக் காப்பாற்றுகிற அவசரம் அதில் இல்லை.

பதிவு ரத்து பற்றி: தமிழ்நாட்டில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் செவிலியர் கவுன்சிலுக்குத் தவறான நடத்தைக்காகப் பதிவை நீக்கும் அதிகாரம் உண்டு. விளக்கம் கேட்டு, விசாரித்துத்தான் செய்ய முடியும். ஒரு இரவு இரண்டு வைட்டல்ஸ் விட்டுப்போனதற்காக அந்த அளவுக்குப் போகும் என்று நினைக்கவில்லை. வெளிநாடு போக 'குட் ஸ்டாண்டிங்' (நன்னடத்தை) சான்றிதழ் தேவைப்படும்போது அதே கவுன்சிலிடம்தான் நிற்பீர்கள். அங்கே பொய்ப் பதிவு நிரூபணமான ஒருவராக நிற்பதைவிட, நடந்ததை எழுதிக் கொடுத்தவராக நிற்பது மேல். விண்ணப்பத்தில் நிலுவையில் விசாரணை உண்டா என்று கேட்டால் அதற்கும் உண்மையையே எழுதுங்கள்.

பாண்டும் சர்டிபிகேட்டும்

வாட்ஸ்அப்பில் "பாண்ட் எல்லாம் செல்லாது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. முழுக்க நம்ப வேண்டாம். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த வங்கி அகில இந்திய அளவில் விளம்பரம் செய்து தேர்வு நடத்தி ஆள் எடுத்தது. 16,500 சம்பளத்தில், தனியாக எந்தப் பயிற்சியும் கொடுக்காமல் எடுத்த ஒரு செவிலியரிடம் ஒரு லட்சம் கேட்டால், அது நியாயமான இழப்பீடுதான் என்று மருத்துவமனை ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நியாயப்படுத்த வேண்டும். பாண்டில் எழுதிய தொகை தானாகவே கிடைத்துவிடாது. நோட்டீஸ் வந்தால் பயப்படாமல் பதில் அனுப்பலாம். பாண்டை மீறியதற்காக யாரையும் கைது செய்ய முடியாது. அது கடன் பாக்கி மாதிரி ஒரு சிவில் தகராறுதான்.

அசல் சான்றிதழை வைத்துக்கொள்வது வேறு. படிப்புச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை, பணம் பாக்கி என்று அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. முதலில், எந்தெந்தச் சான்றிதழ் என்று பட்டியல் போட்டுத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கொடுத்தபோது ரசீது வாங்கவில்லை என்கிறீர்கள். அதற்காகவே இந்தக் கடிதம் முக்கியம். அவர்கள் "தருகிறோம், ஆனால் பாண்ட் பணம்…" என்று பதில் எழுதினாலே, சான்றிதழ் தங்களிடம் இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்தது வக்கீல் நோட்டீஸ், பிறகு காவல் நிலையம்.

வேலையை விடலாமா? விடலாம். ஆனால் விளக்கக் கடிதத்துக்கு முன்னால் வேண்டாம், அதே நாளிலும் வேண்டாம். டியூட்டிக்குப் போகாமல் நின்றுவிடவும் கூடாது. "தவறு செய்துவிட்டு ஓடிப்போனார்" என்று கதை கட்ட அது போதும். கடிதம் கொடுத்த பிறகு நோட்டீஸ் காலம் கொடுத்து முறையாக விலகுங்கள். கடிதம் கொடுத்ததும் இரவு டியூட்டியாகப் போடுவது, வார்டு மாற்றுவது, லீவு மறுப்பது எல்லாம் நடக்கலாம். தனியார் மருத்துவமனையில் இப்படி எடுத்துச் சொல்பவரைப் பாதுகாக்க நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. 2014-ல் வந்த சட்டம் அரசு ஊழல் பற்றியது, அதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே என்ன நடந்தாலும் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

குடும்பத்திடம் சொல்வது

இதில்தான் உங்களோடு கொஞ்சம் முரண்படுகிறேன். அந்தப் பெரியவரின் மகள் டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுவது இயற்கை. ஆனால் உங்களுக்குத் தெரிந்தது அந்த இரவின் ஒரு பகுதிதான். ரத்தக் கசிவு எப்போது தொடங்கியது, அறுவையிலேயே ஏதாவது பிரச்சினையா, 3 மணிக்குப் பார்த்திருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்குமா, இது எதுவும் உங்களுக்குத் தெரியாது. "என் தவறால்தான் அவருக்கு இப்படி ஆனது" என்று நீங்கள் அழுதுகொண்டு சொன்னால், அந்தப் பெண் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்வார். அது உண்மையாக இல்லாமலும் இருக்கலாம்.

அவர்களுக்கு உண்மை கிடைக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதி சொல்கிறது. அந்தக் கெடு தாண்டிப் பல நாள் ஆகிவிட்டது. உங்கள் விளக்கக் கடிதம் ஆவணத்தோடு சேர்ந்தால் அதுவும் அவர்களுக்குப் போய்ச் சேர வழி பிறக்கும். இதற்கிடையில் அவர்களே உங்களை நேரில் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆவணத்தோடு அதையும் கேட்டு வாங்குங்கள்" என்று சொன்னால் போதும். கடிதத்தை வாங்கி அமுக்கிவிட்டார்கள் என்று தெரிந்தால், மாவட்டத்தில் மருத்துவமனைகளின் பதிவைப் பார்க்கும் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். காவல்துறையோ ஆணையமோ சம்மன் அனுப்பினால் போய்ச் சொல்லத்தான் வேண்டும், அதில் தேர்வே கிடையாது.

ஆள் பற்றாக்குறையைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோலில் பொது வார்டிலேயே போதனா மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற இடங்களில் ஐந்துக்கு ஒருவர். அறுவை முடிந்து மணிக்கொரு முறை பார்க்க வேண்டியவர்கள் இருக்கும் வார்டில் 11 பேருக்கு இருவர், அதில் ஒருவர் பதிவு வராதவர் என்பதை விளக்கக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். சம்பளக் கதையும் இதே மாதிரிதான். உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016-ல், 100 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியர் சம்பளத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. 50 படுக்கைக்குக் கீழே இருந்தால்கூட 20,000 வேண்டும் என்றது. உங்களுக்கு 130 படுக்கை மருத்துவமனையில் 16,500. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. அதைத் தனியாளாகத் தட்டிக் கேட்க இது நேரமில்லை. கேட்க சங்கங்கள் இருக்கின்றன, இந்தப் பிரச்சினை ஓய்ந்ததும் ஒன்றில் சேருங்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். "நான் எழுதாமல் இருப்பதுதான் எனக்குப் பாதுகாப்பு என்று வக்கீல் சொல்கிறார்" என்று சொல்லுங்கள். நியாயம், மனசாட்சி என்றெல்லாம் பேசினால் அம்மாவுக்குப் பயம்தான் கூடும். பாதுகாப்பு என்றால் கேட்பார்.

தூக்கம் வரவில்லை, கண்ணை மூடினால் 70/40 தெரிகிறது என்கிறீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. இது நான் தீர்க்கிற விஷயம் இல்லை, ஆனால் விளக்கக் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு இரவாவது தூங்கியிருப்பது நல்லது.

வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்று யோசிக்காதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி உண்டு. வாரநாளில் நைட் டியூட்டி முடிந்து நேராகப் போகலாம். பணி நியமனக் கடிதம், பாண்ட் நகல், அந்த மாத டியூட்டி ரோஸ்டர், சம்பளச் சீட்டு, கவுன்சில் பதிவு அட்டை, நீங்கள் எழுதிய விளக்கக் கடிதத்தின் வரைவு, இவ்வளவும் கையில் இருக்கட்டும். ரோஸ்டர் மாதம் முடிந்ததும் நோட்டீஸ் போர்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.